தூங்கும் சில்லை அளந்த கதை

மல்டிமீட்டரின் திரை 187 என்று காட்டியது. அலகு மைக்ரோஆம்பியர். மேசையில் கிடந்த போர்டின் மைக்ரோகண்ட்ரோலர் (ஒரு சிறு கணினியே அடங்கிய சில்லு) ஆழ்ந்த உறக்கத்தில் 1.3 மைக்ரோஆம்பியர்தான் எடுக்கும் என்று அதன் டேட்டாஷீட்டின் முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. போர்டிலுள்ள மற்ற உறுப்புகளுக்கு எவ்வளவு தாராளமாக ஒதுக்கிப் பார்த்தாலும் 187க்குக் கணக்கு வரவில்லை. உறங்கப் போகச் சொல்லும் கட்டளை, சில்லில் ஏற்றிய மென்பொருளான ஃபர்ம்வேரில் இருக்கிறது. அந்த வரி இயங்குகிறது என்பதையும் சோதித்தாயிற்று. ஆனாலும் உள்ளே ஏதோ ஒன்று விழித்துக்கொண்டே இருந்தது. அது எது என்று கண்டுபிடிக்க எங்களுக்கு ஏழு வாரம் பிடித்தது. அதற்குள், தவறான எண்களை வைத்து ஓர் ஆய்வுக்கட்டுரையின் வரைவையும் எழுதி முடித்திருந்தோம்.

நான் ஆராய்வது உட்பொதி அமைப்புகளை. பேச்சில் எம்பெடட் சிஸ்டம் என்றுதான் சொல்வோம். அதிலும், பேட்டரியில் ஓடும் சிறு கணினி எந்த வேலையை எப்போது செய்ய வேண்டும், எப்போது உறங்க வேண்டும் என்று தீர்மானிக்கும் அட்டவணையாக்கம்தான் எனக்குச் சோறு போடும் பாடம். இந்தத் துறைக்கு வரும் ஒவ்வொரு மாணவரும் 1973இல் லியூவும் லேலண்டும் எழுதிய கட்டுரையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் பணிகளில், அடிக்கடி வரும் பணிக்கு அதிக முன்னுரிமை கொடுத்தால், பணிகள் எத்தனை இருந்தாலும் செயலியின் பயன்பாடு 69.3 விழுக்காட்டைத் தாண்டாதவரை எந்தப் பணியும் கெடு தவறாது என்று அது நிறுவுகிறது. அழகான தேற்றம். ஆனால் அந்தக் கணக்கில் நேரம் மட்டுமே இருக்கிறது, பேட்டரி இல்லை. பேட்டரியையும் கணக்கில் சேர்த்தவுடன், செயலி வேலை செய்யும் நேரத்தைவிட வேலை செய்யாத நேரம் முக்கியமாகிவிடுகிறது.

இது ஏன் என்பதை ஒரு சிறு கணக்கு காட்டிவிடும். எங்கள் போர்டு நிமிடத்துக்கு ஒரு முறை விழித்து, சென்சாரைப் படித்து, மதிப்பைச் சேமித்துவிட்டு மறுபடி உறங்கும். விழித்திருப்பது 5 மில்லிவினாடி. அப்போது எடுக்கும் மின்னோட்டம் 10 மில்லிஆம்பியர். அதை 60 வினாடிக்கும் பரப்பினால் சராசரி 0.83 மைக்ரோஆம்பியர்தான் வருகிறது. அதாவது, சில்லு செய்யும் மொத்த வேலைக்கும் ஆகும் செலவு, அது சும்மா உறங்கிக் கிடப்பதற்கு ஆகும் 1.3ஐவிடக் குறைவு. சிஆர்2032 எனப்படும் நாணய வடிவ பேட்டரியில் சுமார் 220 மில்லிஆம்பியர்-மணி இருக்கும். சராசரி 2 மைக்ரோஆம்பியர் என்றால் தாளில் பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் வரும் (பேட்டரி அதற்கு முன்பே தன்னளவில் வயதாகிவிடும் என்பது வேறு விஷயம்). 187 என்றால் 49 நாள். ஆகவே அந்த 187 எங்களுக்கு வெறும் உறுத்தலாக இருக்கவில்லை. ஆராய்ச்சியின் அடித்தளமே அந்த எண்ணில்தான் நின்றது.

உறங்கும் சில்லை அளப்பது என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பதுபோல மீட்டரை நடுவில் சொருகிப் படிக்கும் வேலையாக இருப்பதில்லை. மீட்டர் மின்னோட்டத்தை அளப்பதே, தன் வயிற்றுக்குள் இருக்கும் ஒரு மின்தடையின் குறுக்கே எவ்வளவு வோல்ட் விழுகிறது என்று பார்த்துத்தான். மைக்ரோஆம்பியர் வரம்பில் அந்தத் தடை பல மீட்டர்களில் 100 ஓம் அளவில் இருக்கும். சில்லு உறங்கும்வரை பிரச்சினை இல்லை. அது விழித்து 10 மில்லிஆம்பியர் இழுத்தவுடன், 100 ஓம் தடையில் 1 வோல்ட் விழுந்துவிடும். 3 வோல்ட் பேட்டரியில் சில்லுக்குப் போய்ச் சேருவது 2 வோல்ட். மின்னழுத்தம் போதவில்லை என்று அது தன்னைத் தானே மறுதொடக்கம் செய்துகொள்ளும். மறுதொடக்கத்துக்கு இன்னும் கூடுதல் மின்னோட்டம் வேண்டும். ஆகவே மறுபடியும் விழும். பார்ப்பவருக்கு, சில்லு உறங்கவே மறுப்பதாகத் தோன்றும். முனைவர் பட்ட மாணவியாக இருந்த காலத்தில் இந்தச் சுழலில் சிக்கி, இல்லாத பிழையை ஃபர்ம்வேரில் இரண்டு நாள் தேடியிருக்கிறேன். மீட்டரின் வரம்பை மாற்றியதும் 'பிழை' போய்விட்டது. அதற்குப் பிறகுதான், 1 மைக்ரோஆம்பியரிலிருந்து பல மில்லிஆம்பியர்வரை கணத்தில் தாவும் ஒன்றை அளக்க, மின்தடையைத் தானே மாற்றிக்கொள்ளும் தனிக்கருவி வேண்டும் என்று எனக்கு உறைத்தது. அப்படி ஒன்று இப்போது எங்கள் ஆய்வகத்தில் இருக்கிறது. 187 என்ற எண்ணை அதுவும் உறுதிப்படுத்தியது.

எனவே தேடத் தொடங்கினோம். இந்தத் தேடலில் சந்தேகப்பட வேண்டியவற்றின் பட்டியல் நீளமானது. போர்டைப் பற்றவைத்தபோது ஒட்டிக்கொண்ட ஃபிளக்ஸ் பிசின் ஈரம் உறிஞ்சி மின்சாரத்தைக் கடத்தலாம். சென்சாரோடு பேசும் ஐ2சி கம்பிகள் இரண்டையும் 4.7 கிலோஓம் தடைகள் மேலே இழுத்துப் பிடித்திருக்கும். உறங்கப் போகும் நேரத்தில் ஒரு கம்பி கீழ்நிலையில் மாட்டிக்கொண்டால், 3 வோல்ட்டுக்கு அந்த ஒரு தடை வழியாகவே சுமார் 640 மைக்ரோஆம்பியர் ஓடிக்கொண்டிருக்கும். சென்சாருக்கு மின்சாரத்தை நிறுத்திவிட்டோம் என்று நாம் நிம்மதியாக இருக்கும்போது, அது தன் தரவுக் கால்களின் (சில்லிலிருந்து நீளும் இணைப்பு முனைகளின்) பாதுகாப்பு டையோடு வழியாக மின்சாரத்தைத் திருட்டுத்தனமாக உறிஞ்சி அரைகுறை உயிரோடு கிடக்கலாம். வெப்பநிலை பத்துப் பாகை ஏறினால் கசிவு மின்னோட்டம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பதால், குளிர்சாதனம் ஓடும் பகலில் எடுத்த எண்ணும் அதை நிறுத்திய இரவில் எடுத்த எண்ணும் ஒன்றாக இருப்பதில்லை. சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட பொருள் என்று இந்தத் துறையில் எதுவும் கிடையாது. 1978இல் இன்டெல் நிறுவனத்தின் மேயும் வுட்ஸும், நினைவகச் சில்லுகளில் பிட்டுகள் காரணமின்றிப் புரள்வதற்கு, சில்லைப் பொதிந்திருக்கும் உறையில் இம்மியளவு கலந்திருந்த யுரேனியமும் தோரியமும் உமிழும் ஆல்ஃபா துகள்கள் காரணம் என்று காட்டினார்கள். உறையையே சந்தேகிக்க வேண்டியிருந்த வரலாறு கொண்ட துறை இது.

எங்களுக்குக் கிடைத்த முதல் துப்பு ஒரு விரல். போர்டின் மேலே விரலைக் கொண்டுபோனால், தொடாமலேயே, 187 என்பது 181க்கும் 204க்கும் இடையே ஆடியது. கையை எடுத்தால் மெல்ல அடங்கியது. இதைப் பார்த்தவுடன் அனுபவசாலிகள் காரணத்தைச் சொல்லிவிடுவார்கள்: எதனோடும் இணைக்கப்படாமல் அந்தரத்தில் தொங்கும் கால். இத்தகைய சில்லுகளில் உள்ள சீமாஸ் வகைச் சுற்றில் ஒவ்வோர் உள்ளீட்டுக் காலுக்குப் பின்னாலும் இரண்டு டிரான்சிஸ்டர்கள் மேலும் கீழுமாக இருக்கின்றன. மேல் நிலையிலோ கீழ் நிலையிலோ கால் உறுதியாக நின்றால், ஒன்று திறந்திருக்கும்போது மற்றது மூடியிருக்கும். இரண்டுக்கும் நடுவே கால் மிதந்தால் இரண்டும் பாதி பாதி திறந்துகொண்டு, மின்சாரம் மேலிருந்து கீழே நேராக வழிந்தோடும். விரலில் உள்ள மின்னூட்டமே அந்த மிதப்பை அசைக்கப் போதும். பயன்படுத்தாத கால்களை ஃபர்ம்வேரில் ஒவ்வொன்றாக ஒரு நிலைக்குக் கட்டினோம். எண் 152க்கு இறங்கியது. விரலுக்கு அசையாமலும் நின்றது.

இங்கேதான் நான் தவறு செய்தேன். அசையாமல் நிற்கும் எண்ணைக் கண்டால் மனம் அதை நம்பிவிடுகிறது. மீதியை, மின்னழுத்தத்தை நிலையாக வைத்திருக்கும் வோல்டேஜ் ரெகுலேட்டரும் சென்சாரும் எடுத்துக்கொள்கின்றன என்று முடிவு கட்டினேன். ரெகுலேட்டரின் டேட்டாஷீட்டைத் திறந்து பார்த்திருந்தால், அது தனக்கென்று எடுப்பது 1 மைக்ரோஆம்பியருக்கும் குறைவு என்று ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்ப வேண்டிய கெடு நெருங்கிக்கொண்டிருந்தது என்பதைத் தவிர, திறக்காததற்கு என்னிடம் காரணம் எதுவும் இல்லை. வழக்கமான அட்டவணையில் ஓடும் ஃபர்ம்வேரை ஐந்து போர்டுகளில் அளந்தோம், சராசரி 152. கட்டுரையில் நாங்கள் முன்வைத்த புதிய அட்டவணை முறையில் ஓடும் ஃபர்ம்வேரை அதே ஐந்து போர்டுகளில் அளந்தோம், சராசரி 62. மின்செலவு 59 விழுக்காடு குறைந்தது என்று வரைவின் சுருக்கத்தில் எழுதினேன். அந்த வரியை எழுதும்போது எனக்கிருந்த மகிழ்ச்சியை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

கெடுவுக்கு ஒன்பது நாள் இருந்தபோது, அளவீடுகளைச் செய்துவந்த ஆராய்ச்சி மாணவி என் அறைக்கு வந்து நின்றார்.

"மேடம், ரெண்டாம் நம்பர் போர்டு இப்ப ரெண்டரைதான் காட்டுது."

"கோடை மாத்தினீங்களா?"

"எதையும் மாத்தலை. பேட்டரியைக் கழட்டித் திரும்ப மாட்டினேன், அவ்வளவுதான்."

இருவரும் ஆய்வகத்துக்குப் போனோம். சில்லில் நிரலை ஏற்றவும் பிழை தேடவும் உதவும் டீபக்கர் கருவியின் கேபிளைச் செருகி, மாணவி அதே ஃபர்ம்வேரை மறுபடி ஏற்றினார், கேபிளை உருவினார், ரீசெட் பொத்தானை அழுத்தினார். 152. பேட்டரியைக் கழற்றி, பத்து வரை எண்ணி, மாட்டினார். 2.6. இன்னொரு முறை செய்யச் சொன்னேன். செய்தார். அதே இரண்டு எண்கள். மூன்றாவது முறை நானே செய்தேன், ஏதோ என் கை பட்டால் வேறு எண் வரும் என்பதுபோல.

மைக்ரோகண்ட்ரோலருக்குள் டீபக்கருக்கென்றே ஒரு தனிப் பகுதி இருக்கிறது. வெளியிலிருந்து கேபிள் இணைந்ததும், 'எனக்கு மின்சாரமும் கடிகாரத் துடிப்பும் வேண்டும்' என்று அது ஒரு கோரிக்கையை வைக்கும். கேபிளை உருவிய பிறகும் அந்தக் கோரிக்கை அப்படியே நிற்கும். ரீசெட் பொத்தான் அதை அழிப்பதில்லை; பல சில்லுகளில் வேண்டுமென்றே அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள், ஏனென்றால் மறுதொடக்கத்தின்போது நடப்பதையும் டீபக்கர் பார்த்தாக வேண்டும். மின்சாரத்தை முழுதாகத் துண்டித்தால்தான் அது போகும். அதுவரை செயலி தான் ஆழ்ந்து உறங்குவதாக நினைத்துக்கொண்டிருக்கும். உள்ளே கடிகாரங்கள் அணையாமல் துடித்துக்கொண்டிருக்கும். ஆயிரம் பக்கத்துக்கு மேல் ஓடும் கையேட்டில் இதற்கென்று ஒரு வாக்கியம் இருந்தது. பிறகு தேடிக் கண்டுபிடித்தோம்.

அப்படியென்றால் 62 எங்கிருந்து வந்தது? தனித்தனி எண்களைத் திறந்து பார்த்தேன்: இரண்டு போர்டுகளில் 151 அளவில், மூன்றில் 2.6 அளவில். அந்த மூன்று போர்டுகளையும் வெப்பநிலைப் பெட்டிக்குள் மாற்றி வைக்கும்போது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். மற்ற இரண்டும் ஃபர்ம்வேர் ஏற்றிய கையோடு அளக்கப்பட்டவை. இடையில் ஒரு எண்கூட இல்லாத இரண்டு கூட்டங்களின் சராசரி, எந்தப் போர்டும் ஒருபோதும் காட்டாத 62. அட்டவணையில் நான் சராசரி இருந்த கடைசி வரியை மட்டும் பார்த்திருந்தேன். மேலே இருந்த ஐந்து எண்களை ஒரு முறை கண்ணால் தடவியிருந்தால் போதும். பத்தாம் வகுப்பு மாணவருக்கும் அது பட்டிருக்கும்.

இரண்டு முறைகளுக்கும் எடுத்த பத்து அளவீடுகளையும் பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு மீண்டும் எடுத்தோம். வழக்கமான முறை 2.9, எங்கள் முறை 2.6. குறைவு 59 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காட்டுக்கு வந்துவிட்டது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. விழித்திருக்கும் வேலைக்கான செலவை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால், அது 1.1லிருந்து 0.8க்கு, கால் பங்குக்கும் மேலாகக் குறைந்திருந்தது. ஆக, எங்கள் முறை உண்மையில் வேலை செய்தது. ஆனால் மொத்தச் செலவில் வேலையின் பங்கே சிறிது என்பதால், அங்கே எவ்வளவு மிச்சம் பிடித்தாலும் மொத்தத்தில் பெரிதாகத் தெரியாது. ஒரு பகுதியை மட்டும் விரைவாக்கினால் முழுமைக்கும் கிடைக்கும் ஆதாயம் அந்தப் பகுதியின் பங்கைத் தாண்டாது என்று ஜீன் அம்டால் 1967இல் சொன்னதை, நான் ஆண்டுதோறும் வகுப்பில் கரும்பலகையில் எழுதுகிறேன். என் சொந்தத் தரவில் அது நின்றுகொண்டிருந்ததைப் பார்க்கத் தவறினேன்.

அந்த வாரம் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தது மார்ஸ் பாத்ஃபைண்டர். 1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கிய அந்த விண்கலத்தின் கணினி, வானிலைத் தரவுகளைச் சேகரிக்கத் தொடங்கிய சில நாட்களில் அவ்வப்போது தானாக மறுதொடக்கம் ஆயிற்று. தாழ்ந்த முன்னுரிமை கொண்ட வானிலைப் பணி, ஒரு நேரத்தில் ஒரு பணியை மட்டும் பொதுத் தரவைத் தொடவிடும் ஒரு பொதுப் பூட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். உயர்ந்த முன்னுரிமை கொண்ட, தரவுப் பாதையை நிர்வகிக்கும் பணி அந்தப் பூட்டுக்காகக் காத்திருக்கும். இடையில் நடுத்தர முன்னுரிமைப் பணிகள் புகுந்து ஓடுவதால் வானிலைப் பணிக்குப் பூட்டை விடவே வாய்ப்புக் கிடைக்காது. அடுத்த சுற்று தொடங்கும்போது முந்தைய சுற்றின் வேலை முடியவில்லை என்று கண்ட கணினி, ஏதோ பெரிய கோளாறு என்று எண்ணித் தன்னை மறுதொடக்கம் செய்துகொண்டது. இதற்கான மருந்தை ஷா, ராஜ்குமார், லெஹோட்ஸ்கி மூவரும் 1990இலேயே கட்டுரையாக வெளியிட்டிருந்தார்கள்: பூட்டைப் பிடித்திருக்கும் பணி, காத்திருக்கும் பணியின் முன்னுரிமையைத் தற்காலிகமாகப் பெற்றுக்கொள்ள வேண்டும். விஎக்ஸ்வொர்க்ஸ் இயங்குதளத்தில் அந்த வசதியும் இருந்தது. அந்தப் பூட்டுக்கு அதை இயக்காமல் விட்டிருந்தார்கள். அதை இயக்கும் சிறு திருத்தம் பூமியிலிருந்து அனுப்பப்பட்டது.

பெரும்பாலும் இந்தக் கதையை முன்னுரிமைத் தலைகீழாக்கத்துக்கு உதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நானும் அப்படித்தான் சொல்லிவந்தேன். இப்போது எனக்கு அதில் வேறொன்று பெரிதாகத் தெரிகிறது. எந்தப் பணி எப்போது ஓடியது, எந்தப் பூட்டை எப்போது பிடித்தது என்று பதிவு செய்யும் கண்காணிப்பு வசதியை, சோதனை முடிந்தது என்று அவர்கள் நீக்கிவிடவில்லை. எதைச் சோதித்தோமோ அதையேதான் பறக்க விட வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. கண்காணிப்பை எடுத்தால் பணிகளின் கால ஓட்டம் மாறிவிடும், பிறகு பறப்பது சோதிக்கப்படாத வேறொரு மென்பொருளாகிவிடும். பூமியில் இருந்த நகலில் அதே கண்காணிப்பை ஓடவிட்டுத்தான் பிழையைப் பிடித்தார்கள். கருவியை எப்போதும் உள்ளே வைத்திருப்பது ஒரு வழி. எப்போதும் முழுதாக வெளியே எடுத்துவிடுவது இன்னொரு வழி. நாங்கள் மூன்று போர்டுகளில் எடுத்தும் இரண்டில் எடுக்காமலும் அளந்துவிட்டு, வித்தியாசத்துக்கு எங்கள் வழிமுறையின் பெயரைச் சூட்டியிருந்தோம்.

இது சின்னஞ்சிறு சில்லுகளுக்கு மட்டும் நேரும் அவலமில்லை. பெரிய கணினிகளில் நிரல்களின் வேகத்தை ஒப்பிடும்போது, நிரலோடு எந்தத் தொடர்பும் இல்லாத சூழல் மாறிகளின் (பயனரின் அமைப்பு விவரங்களை இயங்குதளம் வைத்திருக்கும் சிறு உரைகளின்) நீளம் கூடினாலே அடுக்கு நினைவகம் தொடங்கும் முகவரி நகர்ந்து, ஒரு மேம்படுத்தல் பயன் தருகிறதா இல்லையா என்ற முடிவே தலைகீழாகலாம் என்று 2009இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அந்த மாறிகளில் இடம்பெறும் முகப்பு அடைவின் (ஹோம் ஃபோல்டரின்) பெயர் நீளமாக உள்ள ஆய்வாளருக்கு ஒரு முடிவும் குறுகியதாக உள்ளவருக்கு இன்னொரு முடிவும் கிடைக்கலாம் என்பதை முதலில் படித்தபோது சிரித்தேன்.

வரைவை அந்த மாநாட்டுக்கு அனுப்பவில்லை. அடுத்த முறை, 10 விழுக்காடு என்ற எண்ணோடும், டீபக்கர் பற்றிய ஒரு முழுப் பத்தியோடும் வேறொரு மாநாட்டுக்கு அனுப்பினோம். மதிப்பீட்டாளர்களில் ஒருவர் ஆதாயம் மிதமானது என்று எழுதி நிராகரிக்கப் பரிந்துரைத்தார். இன்னொருவர், டீபக்கர் பத்தியைப் படித்துவிட்டுத் தன் பழைய போர்டுகளை எடுத்துப் பார்க்கப் போவதாக எழுதியிருந்தார். கட்டுரை ஒருவாறு ஏற்கப்பட்டது. 59 விழுக்காட்டோடு அனுப்பியிருந்தால் முதல் மாநாட்டிலேயே சிரமமின்றி ஏற்றிருப்பார்கள் என்பது என் எண்ணம். பெரிய எண்ணைக் கேள்வி கேட்பவர்களைவிடச் சிறிய எண்ணைக் கேள்வி கேட்பவர்களே இத்துறையில் அதிகம் என்ற மனத்தாங்கல் எனக்கு இன்னும் தீரவில்லை; மதிப்பீட்டாளராக உட்காரும்போது நானும் அப்படித்தானே படித்திருக்கிறேன் என்ற நினைப்பும் கூடவே வருகிறது.

எங்கள் ஆய்வகக் குறிப்பேட்டில் இப்போது ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் கூடுதலாக மூன்று கட்டங்கள் இருக்கின்றன: கடைசியாக மின்சாரம் துண்டிக்கப்பட்ட நேரம், அறையின் வெப்பநிலை, அப்போது போர்டில் என்னென்ன கேபிள்கள் செருகியிருந்தன. அந்தக் கட்டங்களை வரைந்தவர் அந்த மாணவிதான். சராசரியை எழுதும் வரியை அவர் அட்டவணையிலிருந்தே எடுத்துவிட்டார். வேண்டுமென்றால் கேட்பவர்கள் கூட்டிப் போட்டுக்கொள்ளட்டும் என்றார். எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது, பிறகு பழகிவிட்டது.

ஐந்து போர்டுகளில் நான்காவது மட்டும் மற்றவற்றைவிட 0.6 மைக்ரோஆம்பியர் அதிகம் எடுக்கிறது. பெட்டிக்குள் ஈரப்பதத்தைக் கூட்டினால் அது 0.9 ஆகிறது, உலரவிட்டால் மெல்ல இறங்குகிறது. கழுவிய பிறகும் சில்லின் அடியில் ஃபிளக்ஸ் தங்கியிருக்கிறது என்பது என் ஊகம். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் இரண்டு முறை தூரிகையால் தேய்த்துக் கழுவிவிட்டோம், எண் அசையவில்லை. பேட்டரிக்குப் பக்கத்தில் உள்ள செராமிக் மின்தேக்கியில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்து, அதற்குள் ஈரம் இறங்குகிறது என்கிறார் அந்த மாணவி. நாளைக் காலை அதைக் கழற்றிவிட்டு அளக்கப் போகிறோம். பேட்டரியை இன்றிரவே கழற்றி வைத்தாயிற்று.